கடல் சுற்றி வந்த காகிதம்

1985இல், தென்மாவட்டத்து மருத்துவக் கல்லூரி ஒன்றின் நூலகத்தில் உதவியாளராகச் சேர்ந்தபோது எனக்கு 23 வயது. தமிழ் இலக்கியப் பட்டமும் நூலக அறிவியல் சான்றிதழும் கையில் இருந்தன. மருத்துவத்தில் ஓர் எழுத்துத் தெரியாது. முதல் நாள் லைப்ரரியன் சார் ஒரு கத்தரிக்கோலைக் கொடுத்து, மேசையில் கிடந்த பதினைந்து நாள் தபாலைக் காட்டினார்.

"மெதுவா வெட்டும்மா. உள்ள இருக்கறது லான்செட். அட்டையில வெட்டு விழுந்தா பைண்டிங் பண்ணினப்புறமும் தெரியும்."

செப்டம்பரில் நான் பிரித்த உறைக்குள் மே மாதத்து இதழ் இருந்தது. வெளிநாட்டு இதழ்கள் கப்பல் தபாலில் வரும். மூன்று மாதம், சில சமயம் நான்கு மாதம். ஒவ்வொரு இதழுக்கும் இரும்புப் பெட்டியில் ஓர் அட்டை உண்டு. வந்த இதழுக்குப் பென்சிலால் ஒரு டிக். டிக் விழாத கட்டம் கண்ணில் பட்டால் சந்தா ஏஜெண்டுக்குக் கடிதம் போட வேண்டும். ஒரு இதழ் வராமல் போனால் அந்த ஆண்டுத் தொகுதியைத் தைக்க முடியாது. தைக்காவிட்டால் தனித்தனி இதழ்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். அந்தக் காலிக் கட்டங்களைத் துரத்துவதுதான் என் வேலையில் பாதி.

சொற்களுக்கு முன்னால் எண்களைக் கற்றேன். ட்யூயி பகுப்பில் 611 உடற்கூறு, 612 உடலியங்கியல், 615.9 நஞ்சு, 616 நோய்கள், 617 அறுவை, 618 பிரசவம். புத்தகத்தின் முதுகில் எண்ணைப் பார்த்து ரேக்கில் வைத்து வைத்தே, எந்த நோய் எந்த உறுப்போடு பக்கத்து வீடு என்று ஒரு வருஷத்தில் மனசில் பதிந்துவிட்டது. சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் 1931இல் எழுதிய நூலக அறிவியலின் ஐந்து விதிகளைச் சான்றிதழ்ப் படிப்பில் மனப்பாடம் செய்திருந்தேன். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நான்காவது விதி. பரீட்சைக்குப் படித்த அந்த ஒரு வரிக்கு ஆள் முகம் உண்டு என்பது, இரவு டியூட்டி முடித்துக் குளிக்காமல்கூட ஓடிவரும் பிஜி டாக்டர்களைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

மாணவர்களுக்கு அப்போது பெரிய துணை இஎல்பிஎஸ் பதிப்புகள். பிரிட்டிஷ் அரசின் உதவியால் மலிவு விலைக்கு வந்தவை. பெய்லி அண்ட் லவ், டேவிட்சன் எல்லாம் அந்தப் பதிப்பில்தான் நம் பிள்ளைகள் கைக்கு எட்டின. கரிசல்காட்டு ஊர்களிலிருந்து, வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த பையன்கள் அதையும் வாங்க முடியாமல் எங்களிடம் வந்து நிற்பார்கள். பதினான்கு நாள் தவணை. பதினான்காவது நாள் கொண்டுவந்து, யாரும் கேட்காவிட்டால் தனக்கே மறுபடி போட்டுத் தரும்படி கேட்பார்கள். ஒரே புத்தகத்தை ஒரு வருஷம் முழுக்க அப்படியே வைத்துப் படித்தவர் உண்டு. அந்தத் திட்டம் 1997இல் நின்றுபோனது எனக்கு இன்றும் வருத்தம்.

பிளேடு போட்டுப் படத்தை வெட்டி எடுத்தவர்களும் உண்டு. உடற்கூறு அட்லஸில் கையின் நரம்புகள் இருந்த பக்கம் ஒரு மாலையில் காணாமல் போனது. இன்னொரு கல்லூரியிலிருந்து ஜெராக்ஸ் வாங்கி, அளவாக வெட்டி, உள்ளோரத்தில் பசை தடவி ஒட்டினேன். நிறமில்லாத அந்தப் பக்கத்தை வைத்து எத்தனையோ பேர் படித்துப் பாஸ் பண்ணிவிட்டார்கள். ஆனாலும் அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அடிவயிறு கலங்கும். ஒருவர் எடுத்துக்கொண்டது, பின்னால் வரும் அத்தனை பேரிடமிருந்தும் எடுத்துக்கொண்டது.

நூலகத்தின் இதயம் என்று நான் நினைத்தது, ஒரு முழு ரேக்கை அடைத்துக்கொண்டிருந்த இண்டெக்ஸ் மெடிகஸ். ஜான் ஷா பில்லிங்ஸ் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் 1879இல் தொடங்கியது. உலகத்து மருத்துவ இதழ்களில் வரும் கட்டுரைகளுக்கு மாதாமாதம் ஒரு பட்டியல். வருஷக் கடைசியில் அவற்றைச் சேர்த்துக் கனத்த தொகுதிகள். கட்டுரை அதில் இருக்காது. தலைப்பு, எழுதியவர், இதழ், பக்கம் மட்டும், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில். அதில் தேடுவதற்கு முன் இன்னொரு புத்தகம் பார்க்க வேண்டும்: எந்தச் சொல்லின் கீழ் தேடுவது என்று சொல்லும் தலைப்புப் பட்டியல். மெஷ் என்போம். ஜனவரி இதழோடு தனிப் பகுதியாக வரும். நாம் கேட்கும் சொல்லை அது சொல்லும் சொல்லாக மாற்றத் தெரியாவிட்டால், பக்கத்திலேயே இருக்கும் கட்டுரையும் கண்ணில் படாது.

1989இல் ஒரு நாள், பொது மருத்துவத்தில் இரண்டாம் வருஷ பிஜி ஒருவர் வந்தார். கண் சிவந்திருந்தது.

"அக்கா, அரளி விதை பத்தி ஏதாவது இருக்கா?"

எங்கள் பக்கத்து வேலிகளில் மஞ்சள் அரளி இல்லாத ஊர் இல்லை. அதன் விதையால் வார்டுக்கு வந்தவர் இல்லாத வாரமும் இல்லை, பெரும்பாலும் இளவயதுக்காரர்கள். புத்தகங்களில், இதயத்தை அதேபோல் தாக்கும் டிஜிட்டாலிஸ் பற்றிப் பக்கம் பக்கமாக இருந்தது. நம் வேலியில் நிற்கும் அரளிக்கு நாலு வரி கிடைத்தால் அதிகம்.

"அரளியில என்ன பார்க்கணும் டாக்டர்? விதை உடம்புல என்ன செய்யுதுன்னா, வைத்தியம் என்னன்னா?"

பதில் சொல்லாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உட்கார்ந்தார். "ராத்திரி ஒரு பொண்ணு நல்லாப் பேசிக்கிட்டிருக்கு. காலையில பார்த்தா நாடி தாறுமாறா ஓடுது. இன்னொருத்தர் அதே அளவு சாப்பிட்டுட்டு மூணாம் நாள் நடந்து வீட்டுக்குப் போறார். யாரை விடிய விடிய உட்கார்ந்து பார்க்கணும்னு முன்கூட்டியே தெரியணும்க்கா. அதான்."

அவர் வரும்போது இந்தக் கேள்வி அவரிடம் இல்லை. நான் கேட்டு, அவர் யோசித்து, சொல்லிப் பார்த்தபோதுதான் வந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த 37 வருஷத்தில் நான் செய்ததாகப் பெருமையோடு சொல்லிக்கொள்ளக்கூடிய வேலை இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

தாவர நஞ்சு என்ற தலைப்பில் தேடினோம். இதய கிளைகோசைடுகள் என்ற தலைப்பில் தேடினோம். வருஷா வருஷமாகப் பின்னால் போனோம். மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு வரி அகப்பட்டது: மஞ்சள் அரளி நஞ்சு, 170 நோயாளிகள், 1988. எழுதியவர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள்.

இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. யாழ்ப்பாணம் எங்களுக்கு அக்கரை. அதே வேலி, அதே அரளி, அதே வயதுப் பிள்ளைகள். அங்கே குண்டுகளுக்கு நடுவில் ஆஸ்பத்திரி நடத்திக்கொண்டு 170 பேரை எண்ணி எழுதியிருக்கிறார்கள். ஆனால் நேராக அவர்களுக்குக் கடிதம் எழுதினால் போய்ச் சேருமா என்று அப்போது யாராலும் சொல்ல முடியாது. கட்டுரை ஐரோப்பிய இதழ் ஒன்றில் அச்சாகி, அமெரிக்காவில் பெதஸ்டாவில் பட்டியலாகி, கப்பலேறி எங்கள் ரேக்குக்கு ஒற்றை வரியாக வந்திருந்தது. அந்த இதழ் எங்களிடம் இல்லை. தில்லி தேசிய மருத்துவ நூலகத்துக்கு எழுதினோம். ஐந்து வாரம் கழித்து ஜெராக்ஸ் வந்தது. பாக்குநீரிணையைத் தாண்ட வேண்டிய நாலு தாள் உலகத்தைச் சுற்றிக்கொண்டு வந்தது.

அதற்குள் அந்தப் பெண் பிழைத்து வீட்டுக்குப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. பிஜி அந்தத் தாள்களை மடித்து வெள்ளைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு வந்த நோயாளிகளுக்காக.

1991 ஜூலையில் ரூபாய் மதிப்பு இறங்கியபோது மருத்துவமனைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று பலருக்குத் தெரிந்திருக்காது. எங்களுக்கு அடுத்த சந்தாப் பட்டியலிலேயே தெரிந்தது. அதே பணத்துக்குக் குறைவான இதழ்கள். ஒவ்வொரு துறைத் தலைவராகப் போய், எதை நிறுத்தலாம் என்று கேட்டு எழுதி வாங்க வேண்டியிருந்தது. பல வருஷமாகத் தொடர்ந்து வந்த வரிசை ஒன்று அந்த வருஷத்தோடு அறுந்தது. ரேக்கில் அந்த இடத்தை வேறு புத்தகத்தால் நிரப்ப எனக்கு மனம் வரவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், அதே பட்டியலைக் கணினியில் தேடும் மெட்லைன் குறுந்தகடுகள் வந்தன. செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டிய ஏசி அறையில் ஒரு கணினி. ஆனால் என்னை உலுக்கியது அது இல்லை. 1997இல் அமெரிக்க அரசு, மெட்லைனை இணையத்தில் தேடும் பப்மெட்டை யாரும் காசில்லாமல் தேடலாம் என்று திறந்துவிட்டிருந்தது. எங்கள் ஊருக்கு அது 2000இல்தான், கல்லூரி வாசலில் இருந்த பிரௌசிங் சென்டர் வழியாக வந்தது. பழைய பிஜி அப்போது உதவிப் பேராசிரியர். "அக்கா, நீங்களே அடிங்க" என்றார். ஒரு விரலால் ஒவ்வோர் எழுத்தாக அடித்தேன். யாழ்ப்பாணத்து 170 பேர் திரையில் வந்து நின்றார்கள். மூன்று நாள் தேடியது ஒரு நிமிஷத்தில். அதற்கு மேலேயே அந்த வருஷத்து லான்செட் கட்டுரை: இலங்கையில் 66 நோயாளிகளிடம், டிஜாக்ஸினுக்கு எதிரான ஆன்டிபாடி மருந்தைச் சோதித்துப் பார்த்த ஆய்வு. நன்றாக வேலை செய்கிறது. விலைதான் எட்டாத உயரம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் ரேக்குகள் எல்லாம் வீண் என்ற துக்கத்தால் என்று அவர் நினைத்து ஆறுதல் சொன்னார். இல்லை. மலையடிவார ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியாக இரவு டியூட்டி பார்க்கும் டாக்டர் இனி எங்கள் வாசலில் ஐந்து வாரம் காத்திருக்க வேண்டாம் என்ற சந்தோஷம் அது. அந்தச் சந்தோஷம் இன்றும் எனக்குக் குறையவில்லை. 2004ஓடு இண்டெக்ஸ் மெடிகஸ் அச்சில் நின்றது. அதன் ரேக்கைத் துடைக்கும்போது ஒரு பெரியவரை வழியனுப்பிய மரியாதை இருந்தது, அவ்வளவுதான்.

வேறொன்றுதான் எனக்குக் கவலையாக வளர்ந்தது. 1998இல் லான்செட் ஒரு கட்டுரை வெளியிட்டது. 12 குழந்தைகளை வைத்து, எம்எம்ஆர் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் இணைத்துப் பேசியது. உலகெங்கும் தாய்மாரை அது பயமுறுத்தியது. 2010 பிப்ரவரியில் லான்செட் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. செய்தியைப் படித்த அன்று சாயங்காலம் நான் ஸ்டாக்குக்குப் போனேன். 351ஆம் தொகுதி. தூசி தட்டி, 637ஆம் பக்கத்தைத் திறந்து, "இக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டது, 2010" என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டினேன். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பக்கம் பன்னிரண்டு வருஷமாக எங்கள் கூரைக்குக் கீழே, எங்கள் முத்திரையோடு இருந்திருக்கிறது. முத்திரை குத்தியவர் எச்சரிக்கையும் எழுத வேண்டும் அல்லவா?

ஓய்வு வயதை அரசு 59 என்றும் பிறகு 60 என்றும் உயர்த்தியதால் இரண்டு வருஷம் கூடக் கிடைத்தது. அந்த இரண்டும் கொரோனா வருஷங்கள். ரீடிங் ஹால் பூட்டிக் கிடந்தது. என் கைபேசிதான் நூலகம். கேட்ட கட்டுரைகளை டாக்டர்களின் வாட்ஸாப் குழுவில் போடுவேன். 2020 மே 22இல் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பற்றி லான்செட்டில் பெரிய ஆய்வு ஒன்று வந்தது. அந்த மருந்து கொடுத்தவர்களிடம் இறப்பு அதிகம் என்றது. மூன்றே நாளில் உலக சுகாதார நிறுவனம் தன் சோதனையில் அந்த மருந்தை நிறுத்திவைத்தது. ஜூன் 4இல் கட்டுரையே திரும்பப் பெறப்பட்டது. அதன் தரவுகளைச் சரிபார்க்க முடியவில்லை என்றார்கள். பதின்மூன்று நாள். கப்பல் தபால் காலமாக இருந்தால் கட்டுரையும் மறுப்பும் ஒரே கட்டில் வந்து இறங்கியிருக்கும். நான் இரண்டையும் அடுத்தடுத்துப் பிரித்து, அடுத்தடுத்து வைத்திருப்பேன். இப்போதோ கட்டுரையைப் போட்ட அன்றே நாற்பது பேர் பார்த்துவிட்டார்கள். மறுப்பைப் போட்ட இரவில் ஒன்பது பேர். மீதிப் பேருக்கு மறுநாள் காலையில் ஒவ்வொருவராகப் போன் செய்தேன்.

பழைய நாளில் நோயாளியின் சொந்தக்காரர்களும் தப்பித் தவறி எங்களிடம் வருவார்கள். ஓபி பக்கத்தில்தான் நூலகம். "தாயி, இந்தச் சீட்டுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லு" என்று ஒரு பெரியவர் நீட்டுவார். வெளியாருக்கு அனுமதி கிடையாது. இருந்தாலும் திருப்பியனுப்ப மாட்டேன். கூட்டிக்கொண்டு போய், எழுதிய டாக்டரிடமே நிறுத்துவேன். அத்தனை ரேக்கில் அவருக்குக் கொடுக்கத் தமிழில் ஒரு புத்தகம் இல்லையே என்று மனசு அடித்துக்கொள்ளும். 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க மிஷன் மருத்துவர் தமிழிலேயே மருத்துவம் சொல்லிக்கொடுத்து, உடற்கூற்று நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். தமிழ் படித்து இங்கே வந்து சேர்ந்த எனக்கு அந்தச் செய்தி பெரிய தெம்பு. பெரியவரின் பேரன் இன்றைக்குக் கைபேசியில் தானே பார்த்துக்கொள்கிறான். அவனுக்கு நிறையக் கிடைக்கிறது. எது சரி என்று சொல்ல, அவனை யாரிடமாவது கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லை.

2025இல், மகள் கல்யாணப் பத்திரிகை வைக்கப் பழைய இடத்துக்குப் போனேன். ரீடிங் ஹாலில் ஒரு நாற்காலி காலியில்லை. அத்தனை பேரும் நீட் பிஜிக்குப் படிக்கிறார்கள். காதில் இயர்போன், எதிரில் டேப்லெட். எங்கள் புத்தகம் ஒன்றுகூட மேசைகளில் இல்லை. ஆனால் மின்விசிறியும் வெளிச்சமும் அமைதியும் எங்களுடையவை; விடுதி அறையில் நாலு பேரோடு படிக்க முடியாத பிள்ளைகளுக்கு அதுவும் பெரிய உதவிதான். எனக்குப் பின் வந்த பெண் ஒப்பந்தச் சம்பளத்தில் இருக்கிறாள். ஜனவரியிலிருந்து மத்திய அரசின் ஒரே நாடு ஒரே சந்தா வந்திருப்பதைச் சொன்னாள். முப்பது பதிப்பகங்கள், கிட்டத்தட்ட 13,000 இதழ்கள். நான் 1991இல் கையெழுத்து வாங்கி நிறுத்திய இதழின் பெயரைச் சொன்னேன். தேடினாள். இருந்தது.

அப்போது ஒரு ஹவுஸ் சர்ஜன் பெண் கைபேசியோடு மேசைக்கு வந்தாள். "மேடம், இது ஃபுல் டெக்ஸ்ட் கிடைக்குமா?" 2003ஆம் வருஷத்து லான்செட். அரளி நஞ்சுக்குக் கரித்தூளைத் திரும்பத் திரும்பக் கொடுத்த ஆய்வு. 401 நோயாளிகள், திரும்பத் திரும்பக் கொடுத்தவர்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு இரண்டரைப் பேர், ஒரு முறை மட்டும் கொடுத்தவர்களில் எட்டுப் பேர். அரை நிமிஷத்தில் அது அவள் கைபேசிக்குப் போய்விட்டது. தேங்க்ஸ் சொல்லித் திரும்பினாள்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "இதுக்கப்புறம் வந்ததைப் பார்த்தீங்களாம்மா?"

"அப்புறம்னா?"

"இதைப் படிச்சிட்டு வேற யாராவது திரும்பச் செஞ்சு பார்த்தாங்களான்னு."

மேசையிலிருந்த பெண் புரிந்துகொண்டாள். அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டியவற்றின் பட்டியலைத் திறந்தாள். 2008, அதே லான்செட், அதே இலங்கை. அரளி, பூச்சிக்கொல்லி எல்லாம் சேர்த்து 4,632 பேர். கரியைத் திரும்பத் திரும்பக் கொடுத்தும் இறப்பு குறையவில்லை.

ஹவுஸ் சர்ஜன் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"வார்டுல இப்ப ஒரு கேஸ் இருக்கா?" என்று கேட்டேன்.

"ஆமா. காலேஜ் பொண்ணு. இப்பவரைக்கும் நல்லாத்தான் பேசுறா."

"நீங்க எதைத் தெரிஞ்சுக்கணும்?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் பத்திரிகைக் கட்டை மேசை ஓரத்தில் தள்ளி வைத்தேன்.